தம் குரலில் பேசிய பெண்கள்



துறை மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று கேட்டபோது, மகளிர் சமஉரிமைக்காக உலகில் எழுந்த புகழ்பெற்ற சொற்பொழிவுகள் பற்றி எழுதுவதாக ஒப்புக்கொண்டேன். எழுத அமர்ந்த பின்னரே, இப்பொருளில் எழுத எனக்குத் தகுதி உண்டா என்னும் ஐயம் எழுந்தது. ஏனெனில், ஒரு பெண்ணின் சொற்பொழிவைக் கெடுத்த குற்றம் என்மேல் உண்டு. அதை முதலில் ஒப்புக்கொண்டு தொடங்குவதே முறை என்று கருதுகிறேன்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் கல்லூரிகளுக்கிடையிலான பேச்சுப் போட்டி ஒன்றிற்கு நம் மாணவியரை ஆயத்தப்படுத்தும் பொறுப்பு எனக்கு வாய்த்தது. தலைப்பு 'பெண்ணுரிமை'. கணிதத்துறையில் இரண்டாம் ஆண்டு பயின்ற மாணவி ஒருவர், கோடிட்ட தாளில் நான்கு பக்கம் எழுதிக்கொண்டு வந்தார். வீட்டில் பீடி சுற்றும் தாயைப் பற்றி அவர் எழுதியிருந்தார். மடியில் சுளகை வைத்துக்கொண்டு நள்ளிரவு வரை அத்தாய் பீடி சுற்றுவார். ஆயிரம் பீடிக்கு எவ்வளவு இலை வேண்டும், எவ்வளவு தூள் வேண்டும் என்று நொடியில் சொல்லிவிடுவார். ஆயினும் சுற்றிய பீடியைக் கடையில் கொண்டுபோய்க் கொடுப்பவன் பதினொரு வயதுத் தம்பி. கடைக்காரர் சில கட்டுகளைக் கழிவு என்று ஒதுக்கித் தள்ளினால், ஏன் என்று கேட்க அவனுக்குத் தெரியாது. கேட்கத் தெரிந்த தாய் கடைப்படி ஏறுவதில்லை. "உம்மாவுக்கு வாய் இருக்கிறது, கணக்கும் தெரியும், ஆனால் கடையில் தம்பிதான் பேசுகிறான்" என்று அந்தப் பெண் எழுதியிருந்தார்.

நான் என்ன செய்தேன்? சிவப்பு மையால் அந்த நான்கு பக்கத்தையும் அடித்தேன். பீடியும் சுளகும் மேடைக்கு ஒவ்வாதவை என்று எண்ணினேன். அவற்றின் இடத்தில் அடுக்குமொழிகளையும், மேனாட்டுப் பெண்மணிகளின் பெயர்களையும், கைதட்டல் வாங்கும் முடிவுரை ஒன்றையும் எழுதிக் கொடுத்தேன். அவர் அதனைப் பிழையின்றி மனனம் செய்து முழங்கினார். முதற்பரிசும் பெற்றார். துறையில் அனைவரும் என்னைப் பாராட்டினர்.

மறுநாள் நன்றி சொல்ல வந்த மாணவி, தயங்கித் தயங்கி ஒன்று சொன்னார். "உம்மாகிட்ட முழுசும் பேசிக் காட்டினேன் மேடம். ரொம்ப நல்லா இருக்குன்னாங்க. ஆனா, இதுல நீ எங்கம்மா இருக்கன்னு கேட்டாங்க."

அக்கேள்விக்கு அன்று என்னிடம் விடை இல்லை. அதன்பின், உலகம் போற்றும் சொற்பொழிவுகளை நான் படித்த முறையே மாறிப்போயிற்று. பேசியவர் யார், எழுதி வைத்தவர் யார், திருத்தியவர் யார், கேட்டவர் யார் என்று தேடத் தொடங்கினேன். அத்தேடலில் கண்டவற்றையே இங்குச் சொல்கிறேன்.

ஒரு பேச்சு, இரு பாடங்கள்

பெண்ணுரிமைச் சொற்பொழிவுகளைத் தொகுக்கும் எவரும் விடாது சேர்க்கும் உரை, சோஜர்னர் ட்ரூத் அம்மையார் 1851 மே 29 அன்று அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்து ஆக்ரன் நகரில் நிகழ்த்திய உரையாகும். அவர் நியூயார்க் மாநிலத்தில் 1797-ஆம் ஆண்டையொட்டி அடிமையாகப் பிறந்தவர். பெற்றோர் இட்ட பெயர் இசபெல்லா. ஒன்பது வயதளவில் ஓர் ஆட்டு மந்தையோடு சேர்த்து 100 டாலருக்கு விற்கப்பட்டவர். 1826-இல் கைக்குழந்தையோடு தம் ஆண்டையின் வீட்டை விட்டு வெளியேறினார். சட்டத்துக்குப் புறம்பாக அலபாமாவுக்கு விற்கப்பட்ட தம் மகனை, நீதிமன்றத்தில் வழக்காடி 1828-இல் மீட்டார். 1843-இல் தமக்குத் தாமே புதுப்பெயர் சூட்டிக்கொண்டார். அப்பெயருக்கு உண்மையின் வழிப்போக்கர் என்று பொருள் கொள்ளலாம். எழுதப் படிக்க அறியாதவர். பிறர்க்குச் சொல்லி எழுதுவித்த அவர்தம் வாழ்க்கை வரலாறு 1850-இல் நூலாயிற்று.

அவ்வுரையை நாம் அனைவரும் 'நான் பெண்ணில்லையா' என்னும் பெயரால் அறிவோம். அவ்வினா மீண்டும் மீண்டும் எழுந்து அவையை உலுக்கியதாகப் படித்திருக்கிறோம். நானும் அவ்வாறே வகுப்பில் சொல்லியிருக்கிறேன். ஆனால் அவ்வுரைக்கு இரு பாடங்கள் உண்டு. கூட்டத்திற்கு வந்திருந்த மாரியஸ் ராபின்சன் என்னும் இதழாசிரியர், மூன்று வாரங்களுக்குப் பின், 1851 ஜூன் 21 அன்று, அடிமை ஒழிப்பு இதழ் ஒன்றில் அதனை வெளியிட்டார். அதில் அப்புகழ்பெற்ற வினா இல்லை. கூட்டத்திற்குத் தலைமை தாங்கிய பிரான்சிஸ் கேஜ் அம்மையார், 12 ஆண்டுகளுக்குப் பின், 1863-இல் தம் நினைவிலிருந்து எழுதி வெளியிட்ட பாடத்தில்தான் அவ்வினா திரும்பத் திரும்ப வருகிறது.

வேறுபாடு அதனோடு நிற்கவில்லை. கேஜ் அம்மையாரின் பாடத்தில் ட்ரூத் அம்மையார், அமெரிக்கத் தென்மாநிலத் தோட்டங்களில் உழைத்த அடிமைகளின் கொச்சை வழக்கில் பேசுகிறார். ஆனால் அவரோ வடக்கே நியூயார்க்கில், டச்சு மொழி பேசும் குடும்பங்களிடையே வளர்ந்தவர். அவருடைய முதல் மொழியே டச்சு. கேஜ் பாடத்தில் அவர் 13 மக்களைப் பெற்றதாகக் கூறுகிறார். அவர் பெற்ற மக்கள் ஐவர் என்பதே வரலாற்றாசிரியர்கள் கொள்ளும் கணக்கு. அவரைப் பேசவிடக் கூடாதெனக் கூட்டத்தினர் கொந்தளித்ததாகவும் கேஜ் எழுதுகிறார். 1851-இல் வெளிவந்த செய்திகளில் அத்தகைய கொந்தளிப்பு காணப்படவில்லை. நெல் பெயின்டர் முதலான ஆய்வாளர்கள் இவற்றையெல்லாம் எடுத்துக்காட்டியுள்ளனர்.

தமிழ் பயில்வோர்க்குப் பாடபேதம் புதிதன்று. ஏடுகளை ஒப்பிட்டு மூலபாடம் காண்பதற்கு உ.வே. சாமிநாதையர் பட்ட பாட்டை ஆண்டுதோறும் வகுப்பில் சொல்கிறோம். ஏடெழுதுவோன் தனக்குத் தெரிந்த சொல்லைத் தெரியாத சொல்லின் இடத்தில் வைத்துவிடுவான் என்பது பதிப்புக்கலையின் பாலபாடம். கேஜ் அம்மையார் செய்ததும் ஏறத்தாழ அதுவே. அவர் ட்ரூத் அம்மையாரின் பகைவர் அல்லர். பெண்ணுரிமைக்கும் அடிமை ஒழிப்புக்கும் உழைத்தவர். அவ்வுரையை உலகறியச் செய்த பெருமையும் அவரையே சாரும். ஆயினும், ஓர் அடிமைப்பெண் எப்படிப் பேச வேண்டும் என்று தாம் கருதினாரோ, அப்படியே பேச வைத்துவிட்டார். இதனைப் படித்தபோது என் கையிலிருந்த சிவப்பு மைப் பேனா என் நினைவில் வந்து நின்றது.

ராபின்சன் எழுதி வைத்த பாடம் எளியது. அதில் ட்ரூத் அம்மையார் தம் உடலுழைப்பைச் சொல்கிறார். உழுதேன், அறுத்தேன், மரம் பிளந்தேன், எந்த ஆணுக்கும் இளைத்தேன் அல்லேன் என்கிறார். அறிவைப் பற்றிய வழக்கிற்கு ஒரு முகத்தலளவை உவமையால் விடை சொல்கிறார். ஆணுக்கு வாய்த்தது பெரிய படி, பெண்ணுக்கு வாய்த்தது சிறிய படி என்றே வைத்துக்கொண்டாலும், அவளுடைய சிறிய படியை அவள் நிறைய அளந்துகொள்வதை ஏன் தடுக்கிறீர்கள் என்பது அவர் கேள்வி. சமையலறையில் நாள்தோறும் அளந்து போடுபவர் அல்லவா, அளவையிலிருந்தே நியாயம் பிறக்கிறது.

மற்றொரு செய்தியும் அதில் உண்டு. இறைவன் படைத்தான், ஒரு பெண் ஈன்றாள், இயேசு உலகிற்கு வந்தார், இதில் ஆணே உன் பங்கு யாது என்று அவர் வினவுகிறார். ஈஸா நபி (அலை) அவர்கள் தந்தையின்றி மர்யம் (அலை) அவர்களிடம் பிறந்ததை நம்பும் நமக்கு, எழுத்தறியாத ஒரு கறுப்பினப் பெண் எடுத்து வைத்த அவ்வாதத்தின் கூர்மையை விளக்க வேண்டியதில்லை. முதல் பெண்ணின் பிழையால் உலகம் தலைகீழாயிற்று என்று கூறுவோர்க்கு, அப்படியாயின் அதனை நேராக்கும் வாய்ப்பையும் பெண்ணுக்கே தாருங்கள் என்கிறார். திருமறையோ அப்பிழையை ஹவ்வா (அலை) அவர்கள்மேல் மட்டும் ஏற்றாமல், இருவர்க்கும் பொதுவாகவே சொல்கிறது என்பதும் ஈண்டு எண்ணத்தக்கது.

அவ்வினா இடம்பெறாத பாடம், அவ்வினா உள்ள பாடத்தைவிட எனக்கு இன்று நெருக்கமாக இருக்கிறது. காரணம், அதில் அவர் இருக்கிறார்.

எங்கள் வீட்டுப் பாடம்

இவ்விடத்தில் என் குடும்பத்துச் செய்தி ஒன்றைச் சொல்ல அனுமதிக்க வேண்டுகிறேன். என் உம்மம்மா அரபுத்தமிழ் நன்கு அறிந்தவர். அரபு எழுத்தில் அச்சிட்ட தமிழ்ப் பாடல் நூல்களை மடியில் வைத்துக்கொண்டு மாலைதோறும் உரக்கப் படிப்பார். சுற்றுப்புறத்துப் பெண்கள் வந்து கேட்பர். ஆயினும் அரசு அலுவலர் வந்தால், எழுத்தறியாதவர் என்றே குறித்துச் சென்றனர். பத்திரத்தில் அவர் வைத்தது கைநாட்டு. தமிழைத் தமிழாகப் படித்த ஒருவர், எழுத்து வேறு என்பதால் படியாதவர் ஆனார். அவரும் அதனை மறுத்துப் பேசியதில்லை.

நான் பள்ளியில் பயின்ற காலத்தில், பேச்சுப் போட்டியில் வட்ட அளவில் வென்றேன். அவ்வுரை என் காக்கா எழுதித் தந்தது. மாவட்டப் போட்டி வேறு ஊரில் நடப்பதால் அனுப்ப இயலாது என்று வாப்பா சொல்லிவிட்டார்கள். வீட்டில் யாரும் கோபப்படவில்லை, அழவும் இல்லை. உம்மம்மா மட்டும் அன்றிரவு என்னைப் பக்கத்தில் அமர்த்தி, "அங்கே பேச வேண்டியதை எனக்குப் பேசிக் காட்டு" என்றார். நான் பேசினேன். முடித்ததும், "இது உன் காக்கா பேச்சு. உன் பேச்சு எங்கே?" என்று கேட்டார். பதினான்கு வயதில் அக்கேள்வியின் பொருள் எனக்கு விளங்கவில்லை. ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்குப் பின், ஒரு பீடித்தொழிலாளித் தாய் அதே கேள்வியை மகள் வாயிலாக என்னிடம் கேட்டனுப்பினார்.

திரைக்குப் பின்னிருந்து வந்த தலைவி

சமுதாயப் பெரியோர்கள் சிலர், பெண்ணுரிமைப் பேச்சு என்பது மேற்கிலிருந்து வந்த சரக்கு என்று கருதுவதுண்டு. அவர்களுக்கு நான் பணிவோடு நினைவூட்ட விரும்பும் பெயர், வங்கம் தந்த ரொக்கையா சகாவத் ஹுசைன் அம்மையார். 1880-இல் ரங்பூர்ப் பகுதியிலுள்ள பாயிராபந்து என்னும் ஊரில், பெண்களைக் கடுமையான திரைக்குள் வைத்திருந்த செல்வக் குடும்பத்தில் பிறந்தார். பெண்கள் வங்கமொழி கற்பதைக்கூட அக்குடும்பம் விரும்பவில்லை. வீடு உறங்கிய பின், மெழுகுவர்த்தி ஒளியில் அண்ணன் அவருக்கு ஆங்கிலம் கற்பித்தார். தமக்கை தாய்மொழியில் துணை நின்றார்.

அவர் ஆங்கிலத்தில் எழுதிய 'சுல்தானாவின் கனவு' என்னும் கதை 1905-இல் வெளிவந்தது. அது வெளிவந்த இதழ் நம் சென்னையிலிருந்து கமலா சத்தியநாதன் அம்மையார் நடத்திய 'இந்தியன் லேடீஸ் மேகசின்' என்பது நமக்குப் பெருமை தருவதாகும். ஆடவர் வீட்டுக்குள்ளும் மகளிர் ஆட்சியிலும் இருக்கும் நாடு ஒன்றை அதில் கற்பனை செய்து, ஞாயிற்றின் வெப்பத்தைப் பயன்கொள்ளும் கருவிகளையும் அந்நாளிலேயே பேசியிருக்கிறார்.

1909-இல் கணவர் காலமானார். அவர் விட்டுச் சென்ற பொருளைக் கொண்டு பாகல்பூரில் 5 மாணவியரோடு பள்ளி தொடங்கினார். பின்னர் கல்கத்தாவுக்குக் குடிபெயர்ந்து, 1911-இல் 8 மாணவியரோடு மீண்டும் தொடங்கினார். முஸ்லிம் வீடுகளின் வாயில்தோறும் சென்று பெண்பிள்ளைகளைக் கேட்டு வாங்கி வந்தார். அவர்களை ஏற்றிவரும் பேருந்தைக் காற்றும் புகாவண்ணம் அடைத்ததால், முதல் நாளே பிள்ளைகள் வாந்தியெடுத்தும் மயங்கியும் விழுந்தனர். அடைப்பை நீக்கித் திரை தொங்கவிட்டபோது, திரை காற்றில் அசைகிறது என்று கண்டித்துக் கடிதங்கள் வந்தன. இதனை அவரே 1931-இல் வெளிவந்த தம் நூலில் எழுதியுள்ளார்.

அவ்வம்மையார் 1926-இல் வங்காளப் பெண்கல்வி மாநாட்டிற்குத் தலைமை தாங்கினார். அத்தலைமையுரையின் தொடக்கம் எந்தச் சொற்பொழிவுக் கலை நூலிலும் காணப்படாத தொடக்கமாகும். என்னைத் தலைவியாகத் தேர்ந்தெடுத்தது உங்கள் பிழை. வாழ்நாள் முழுவதும் திரை என்னும் இரும்புப் பெட்டிக்குள் அடைபட்டுக் கிடந்தவள் நான். தலைவி என்பவள் சிரிக்க வேண்டுமா அழ வேண்டுமா என்பதுகூட எனக்குத் தெரியாது என்ற கருத்தில் அவர் தொடங்கினார். அவையடக்கம் பாடுவது நம் புலவர் மரபு. ஆனால் இது அவையடக்கம் அன்று. அவைக்கே வைத்த குற்றச்சாட்டு. ஒரு சமுதாயம் தன் பெண்களை எப்படி வைத்திருக்கிறது என்பதற்குத் தம்மையே சான்றாக நிறுத்தினார். அதன்பின் அவர் வைத்த வாதம் மார்க்கத்தின் உள்ளிருந்தே எழுந்தது. பெண்கல்வியை எதிர்ப்போர் தம்மை முஸ்லிம் என்று சொல்லிக்கொண்டே, கல்வியில் பெண்ணுக்குச் சமஉரிமை வழங்கிய இஸ்லாத்தின் அடிப்படைக்கு மாறு செய்கின்றனர் என்றார்.

மார்க்கத்தை விட்டு வெளியேறிப் பேசவில்லை. மார்க்கத்தின் மேல் நின்றே பேசினார். அவர் 1932 டிசம்பர் 9-இல் மறைந்தார். வங்காளதேசம் அந்நாளை அவர் பெயரால் ஆண்டுதோறும் போற்றி வருகிறது.

ஒரு சொல்லின் எடை

அடுத்துச் சொல்ல வேண்டியது நம் அரசியலமைப்பு அவையைப் பற்றி. அதில் இடம்பெற்ற பெண்கள் 15 பேர். அவர்களுள் ஹன்சா மேத்தா அம்மையார் 1946 டிசம்பர் 19 அன்று பேசினார். பெண்கள் சலுகை கேட்கவில்லை, தனித்தொகுதி கேட்கவில்லை. சமூக, பொருளாதார, அரசியல் நீதியையே கேட்கின்றனர் என்பது அவ்வுரையின் சாரம். அவரே பின்னர் ஐக்கிய நாடுகள் அவையின் மனித உரிமை ஆணையத்தில் இந்தியாவின் சார்பில் அமர்ந்தார். உலக மனித உரிமைப் பிரகடனத்தின் முதல் உறுப்பு, ஆடவர் எனவும் மாந்தர் எனவும் இருபொருள்படும் ஆங்கிலச் சொல்லைக் கொண்டு தொடங்கவிருந்தது. அச்சொல் நின்றால் பெண்களை விலக்கிவிட இடமாகும் என்று அவர் வாதிட்டார். மனிதர் அனைவரும் என்று பொருள்படுமாறு அது மாற்றப்பட்டு, 1948 டிசம்பர் 10-இல் நிறைவேறியது. மக்கள் என்னும் சொல்லால் இருபாலாரையும் உயர்திணையில் ஒருங்கே வைத்த மொழியைப் பயில்வோர்க்கு, அந்த ஒரு சொல்லின் எடை நன்கு விளங்கும்.

அவ்வவையின் ஒரே முஸ்லிம் பெண் உறுப்பினர் பேகம் ஐசாஸ் ரசூல் அம்மையார். 1937-இல் ஐக்கிய மாகாண மேலவைக்குப் பெண்களுக்கென ஒதுக்கப்படாத தொகுதியிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்டவர். அம்மேலவையின் துணைத்தலைவராகவும் விளங்கியவர். சிறுபான்மையினர்க்கு மத அடிப்படையில் தனி இடஒதுக்கீடு வேண்டுமா என்ற வழக்கில், அது சிறுபான்மையினரைப் பெரும்பான்மையினரிடமிருந்து நிலையாகப் பிரித்துவிடும் என்று எதிர்த்துப் பேசினார். அவருடைய முடிவு சரியா தவறா என்பதில் இன்றும் கருத்து வேறுபாடு இருக்கலாம். எனினும், தம் சமுதாயத்தின் எதிர்காலம் பற்றிய பெரிய வழக்கில், தம் கருத்தைத் தாமே எழுந்து சொன்னார் என்பதே நான் இங்கு எடுத்துக்காட்ட விரும்புவது.

சென்னை மாகாணத்திலிருந்து சென்ற அம்மு சுவாமிநாதன் அம்மையார், 1949 நவம்பரில் அவை தன் பணியை முடிக்கும் வேளையில் பேசினார். இந்தியா பெண்களுக்குச் சமஉரிமை தரவில்லை என்று வெளியார் சொல்லிவந்தனர். தம் அரசியலமைப்பைத் தாமே வகுத்தபோது இந்திய மக்கள் அவ்வுரிமையைத் தந்துவிட்டனர் என்று இனி நாம் சொல்லலாம் என மகிழ்ந்தார். அதே மூச்சில், அரசியலமைப்பு நூல் இத்துணைப் பெரிதாக இருப்பானேன், கைப்பையில் வைக்கும் அளவில் இருக்கலாகாதா என்று குறையும் சொன்னார். சட்டம் பெண்ணின் கைக்கு எட்ட வேண்டும் என்னும் நினைப்பு அந்தச் சிறு குறையில் ஒளிந்திருப்பதாக நான் எண்ணுகிறேன்.

ஏழு வானத்திற்கு அப்பால் கேட்ட குரல்

இவற்றையெல்லாம் படித்து முடித்தபோது, நான் சிறுவயதில் ஓதிய ஓர் அத்தியாயம் புதிதாக விளங்கியது. திருமறையின் 58-ஆம் அத்தியாயத்திற்கு 'வாதிட்ட பெண்' என்னும் பொருளில் பெயர் அமைந்துள்ளது. அப்பெண்மணி கவ்லா பின்த் ஸஃலபா (ரலி) அவர்கள். கணவர் அறியாமைக்கால வழக்கப்படி, நீ என் தாயைப் போன்றவள் என்று சொல்லி அவர்களை விலக்கி வைத்தார். அவர்கள் தமக்காகப் பிறரை அனுப்பவில்லை. அண்ணல் நபி (ஸல்) அவர்களிடம் தாமே சென்று முறையிட்டார்கள், வாதிட்டார்கள். அவ்வீட்டின் ஒரு மூலையில் இருந்த தமக்கே அப்பேச்சின் சில பகுதிகள் காதில் விழவில்லை என்றும், ஆனால் அல்லாஹ் அதனைச் செவியுற்றான் என்றும் அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் வியந்து கூறியதாக ஹதீஸ் நூல்கள் அறிவிக்கின்றன. அவ்வநீதியான வழக்கத்தை நீக்கி வசனங்கள் இறங்கின.

அஸ்மா பின்த் யஸீத் (ரலி) என்னும் அன்ஸாரிப் பெண்மணி, பெண்களின் பேச்சாளர் என்றே பெயர் பெற்றவர்கள். ஆடவர்க்குக் கூட்டுத்தொழுகையும் அறப்போரும் வாய்த்திருக்க, வீட்டைக் காத்துப் பிள்ளைகளை வளர்க்கும் எங்களுக்கு நன்மையில் பங்குண்டா என்று பெண்கள் சார்பில் நபி (ஸல்) அவர்களின் அவையில் அவர்கள் வினவியதாகவும், இவரைவிட அழகாக மார்க்கத்தைப் பற்றிக் கேட்ட பெண்ணைக் கண்டதுண்டா என்று அண்ணலார் தோழர்களை நோக்கிக் கேட்டதாகவும் அறிவிக்கப்படுகிறது. அங்கே பேசியவர் பெண். செவிமடுத்துப் பாராட்டியவர் இறைத்தூதர். அந்த மரபின் வழிவந்த நாம், ஒரு தாய் தன் உழைப்பின் கணக்கைக் கடைப்படியில் கேட்க முடியாத நிலையை இயல்பு என்று எப்படிக் கொண்டோம்?

மீண்டும் அந்த நான்கு பக்கம்

சென்ற ஆண்டு தமிழ் மன்றக் கூட்டத்தில் பேச அதே மாணவியை அழைத்தேன். பழைய நான்கு பக்கத்தையே பேசும்படி வேண்டினேன். தாள் எங்கோ போய்விட்டது, ஆனால் எல்லாம் நினைவிருக்கிறது என்றார். இம்முறை நான் ஒரு சொல்லும் எழுதித் தரவில்லை. இரண்டு இடங்களில் அவர் தடுமாறி நின்றார். அவை காத்திருந்தது. கடையில் தம்பியின் கண்முன்னே மூன்று கட்டுகள் கழிவென்று ஒதுக்கப்பட்ட நாளைச் சொன்னபோது, பின்வரிசையில் சிரித்துக்கொண்டிருந்த மாணவர்களும் அமைதியாயினர். நடுவர்கள் இலக்கிய நயம் குறைவு என்று கருதினர் போலும். அவருக்குப் பரிசு கிடைக்கவில்லை.

அன்று அவருடைய தாயாரும் வந்திருந்தார். நம் கல்லூரிக்குள் அவர் வந்தது அதுவே முதன்முறை. நிகழ்ச்சி முடிந்ததும், மகள் எப்படிப் பேசினார் என்று கேட்டேன். பரிசு கிடைக்காத வருத்தத்தைச் சொல்வார் என்று நினைத்தேன். அவரோ என்னை நேராகப் பார்த்து, "சரியாத்தான் சொன்னா. ஒரு கணக்குதான் தப்பு. அன்னைக்குக் கழிச்சது மூணு கட்டு இல்லை, நாலு கட்டு. நூறு பீடி" என்றார்.

அருகில் துறைத்தலைவரும், கல்லூரி ஆட்சிக்குழுவைச் சேர்ந்த பெரியவர் ஒருவரும் நின்றிருந்தனர். அவர்கள் இருவர் முன்னிலையிலும் அத்தாய் தம் கணக்கைத் தாமே திருத்திச் சொன்னார். அப்பெரியவர், "அதுக்குக் கூலி கொடுத்தாங்களா?" என்று கேட்டார். இல்லை என்று அவர் விடையளித்தார். அதற்குமேல் அங்கு எதுவும் நிகழவில்லை. கடைக்காரர் மாறிவிட்டார் என்றோ, அத்தாய் மறுநாளே கடைப்படி ஏறினார் என்றோ எழுத எனக்குச் செய்தி இல்லை. ஆனால், கேட்பதற்கு ஆள் இருந்தால் அவரால் பேச முடியும் என்பதை அன்று கண்ணாரக் கண்டேன்.

மாணவச் செல்வங்களே, மேடைப்பேச்சுக்குப் பயிற்சி வேண்டும்; இலக்கணம் வேண்டும்; நல்ல தமிழ் வேண்டும். அவற்றைக் கற்பிப்பதே எங்கள் கடமை. ஆயினும் நீங்கள் பேசி முடித்தபின், இதில் நான் எங்கே என்று உங்களையே ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள். உடன் பணியாற்றும் ஆசிரியப் பெருமக்களுக்கும் எனக்கும் சேர்த்தே சொல்கிறேன்: பிழையைத் திருத்துவோம், பேசுபவரைத் திருத்தி வேறொருவராக்காதிருப்போம். சமுதாயப் பெரியோர்களுக்கு என் வேண்டுகோள் ஒன்றே. நம் பெண்கள் பேசுவதற்கு மேடை அமைத்தால் மட்டும் போதாது. அவர்கள் பேசும்போது முன்வரிசையில் அமர்ந்து கேளுங்கள். அன்று அப்பெரியவர் கேட்டதைப் போன்ற ஒரு கேள்வியையும் கேளுங்கள்.

மூலையில் இருந்தோர்க்கும் எட்டாத ஒரு பெண்ணின் முறையீட்டைச் செவியுற்ற இறைவன், நமக்கும் கேட்கும் செவியை அருள்வானாக. ஆமீன்.